‘சைட் லைவ் ஆகட்டும், மொத்தமா செட்டில் பண்ணிடலாம்’

கேள்வி: நானும் நண்பனும் காட்பாடியில் வெப்சைட் செய்து தரும் சின்ன நிறுவனம் நடத்துகிறோம். வேலூரில் சிஎம்சி மருத்துவமனைக்குப் பக்கத்தில் 32 அறை உள்ள லாட்ஜ் ஒன்றுக்கு 60,000 ரூபாய்க்கு வேலை எடுத்தோம். ‘8 பக்க வெப்சைட், மொபைலுக்கு ஏற்ற டிசைன், எஸ்இஓ, 1 வருட சப்போர்ட், 45 நாள்’ என்று ஒரு பக்கக் கொட்டேஷன் கொடுத்து 20,000 அட்வான்ஸ் வாங்கினோம். இப்போது ஐந்தாவது மாதம். 8 பக்கமும் எங்கள் சர்வரில் தயாராக இருக்கிறது, அறைப் படங்கள்தான் வரவில்லை. நடுவில் லாட்ஜ் முதலாளி அதே பக்கங்களை இந்தியிலும் வங்காளத்திலும் கேட்டார். பிறகு ஆன்லைன் புக்கிங்கும் பணம் கட்டும் வசதியும் கேட்டார். இப்போது ஊழியர் வருகைப் பதிவும் ‘அதிலேயே’ வேண்டுமாம். பெங்களூரில் இருக்கும் அவர் மகன் முகப்புப் பக்கத்தை மூன்று முறை மாற்றச் சொல்லிவிட்டார். மீதிப் பணம் கேட்டால் ‘சைட் லைவ் ஆகட்டும், மொத்தமா செட்டில் பண்ணிடலாம்’ என்கிறார். அப்பாவின் நண்பர், மாமா என்றுதான் கூப்பிடுவேன். சண்டை போட முடியாது. என்ன செய்வது? அடுத்து ஆரணியில் ஒரு பட்டுக்கடையும் கேட்டிருக்கிறது. அங்கே எப்படிக் கொட்டேஷன் தருவது?

– காட்பாடி வாசகர்

பதில்: மாமாவின் மேல் தப்பு அதிகமில்லை. உங்கள் கொட்டேஷனை அவர் நாற்காலியில் உட்கார்ந்து படித்துப் பாருங்கள். 8 பக்கம் என்று இருக்கிறது, எந்த எட்டு என்று இல்லை. எஸ்இஓ (கூகுள் தேடலில் சைட் மேலே வரச் செய்யும் வேலை) என்று இருக்கிறது, அது எந்த நாளில் முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு வருட சப்போர்ட் எதற்கு, மாதத்துக்கு எத்தனை மணி நேரம், எந்தத் தேதியிலிருந்து? வேலை முடிந்துவிட்டது என்று காட்டுவதற்கு அந்தத் தாளில் ஒரு வரிகூடக் கிடையாது. அப்படி இருக்கும்போது, பணம் கொடுப்பவர் முடிந்தது என்று சொல்லும் நாள்தான் முடிவு. அவர் அவசரப்பட ஒரு காரணமும் இல்லை.

ஆகவே புதிதாகக் கேட்டவற்றை மறுப்பதில் இறங்காதீர்கள். அந்த 60,000 ரூபாய்க்கு என்னென்ன என்பதை இப்போதாவது ஒரு தாளில் எழுதுங்கள். அதை முடித்து, பணத்தை வாங்குங்கள். மற்றதெல்லாம் இரண்டாம் கட்டம்.

அந்தத் தாளில் ஒவ்வொரு வரியும் ‘ஆச்சு’ அல்லது ‘ஆகலை’ என்று டிக் போடும்படி இருக்க வேண்டும். பக்கங்களைப் பெயர் சொல்லி எழுதுங்கள்: முகப்பு, எங்களைப் பற்றி, அறைகளும் வாடகையும், வசதிகள், வந்து சேரும் வழி, படங்கள், கேள்வி-பதில், தொடர்பு. தொடர்புப் படிவத்தில் பெயர், செல் நம்பர், வரும் நாள், எத்தனை பேர் என நான்கு கட்டம். அனுப்பியதும் லாட்ஜின் மெயிலுக்கு 5 நிமிடத்துக்குள் வர வேண்டும், ஸ்பாமில் விழக்கூடாது. இந்தக் கடைசி வரியை எழுதாமல் விட்டுப் பின்னால் மாட்டிக்கொள்பவர்கள் நிறைய. சைட் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸ் தானாக அனுப்பும் மெயிலை அப்படியே விட்டால் பாதி ஸ்பாமில் போகும், மீதி எங்கே போனது என்றே தெரியாது. எஸ்எம்டிபி கணக்கு (முறையான மெயில் சர்வர்) வழியாக அனுப்பச் செய்து, டொமைனில் (சைட்டின் இணைய முகவரி) மெயில் போலி அல்ல என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் இரண்டு பதிவும் போட்டு, ஜிமெயிலுக்கு ஒன்று, வேறு கணக்குக்கு ஒன்று என்று அனுப்பிப் பார்த்த பிறகுதான் டிக்.

மொபைல் என்றால் எந்த மொபைல்? 360 பிக்சல் அகல ஆண்ட்ராய்டு போனில் குரோம், ஐபோனில் சஃபாரி என்று எழுதுங்கள். வேகத்துக்கும் எண் வேண்டும். கூகுளின் பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸ் மொபைல் சோதனையில், பக்கத்தின் பெரிய படமோ எழுத்தோ தெரியும் நேரம், அதாவது எல்சிபி, 2.5 வினாடிக்குள் இருந்தால் கூகுளே அதை ‘நல்லது’ என்கிறது. அந்த எண்ணையே வைத்துக்கொள்ளுங்கள். கூடவே, ஒரு படம் 200 கேபிக்கு மேல் போகக்கூடாது என்றும் சேருங்கள். இல்லையென்றால் மேனேஜர் ஒருநாள் 6 எம்பி படத்தை ஏற்றுவார், சைட் படுத்துவிடும், போன் உங்களுக்கு வரும்.

எஸ்இஓ என்ற சொல்லை எடுத்துவிட்டு அதன் வேலைகளை எழுதுங்கள். எட்டுப் பக்கத்துக்கும் தலைப்பும் விவரணையும், கூகுளின் சர்ச் கன்சோலில் சைட்மேப் (பக்கங்களின் பட்டியல்), லாட்ஜின் கூகுள் பிசினஸ் பக்கத்தில் வெப்சைட் இணைப்பு. அதற்குக் கீழே ஒரு வரி: ‘வேலூர் லாட்ஜ் என்று தேடினால் முதலாவதாக வரும் என்ற உறுதி இதில் அடங்காது.’ இதை எழுதக் கூச்சப்பட வேண்டாம். சப்போர்ட்டும் அப்படித்தான். லைவ் ஆன தேதியிலிருந்து 12 மாதம், மாதம் 2 மணி நேரம், வேர்ட்பிரஸ் மற்றும் பிளகின் (அதில் சேர்க்கும் துணை மென்பொருள்) அப்டேட், வாரம் ஒரு பேக்கப். பயன்படுத்தாத நேரம் அடுத்த மாதத்துக்கு வராது.

படங்கள் வராமல் நிற்பதைப் பற்றிச் சொன்னீர்கள். லாட்ஜ் மேனேஜருக்கு அது வேலையே இல்லை, நினைவூட்டிக்கொண்டே இருந்தால் ஆறாவது மாதமும் போகும். நான்கு வகை அறை, வகைக்கு 3 படம், வாசல், வரவேற்பு, லிஃப்ட், சமையலறை என்று மொத்தம் 16 படம் போதும். ஒரு காலை வேளையில் நீங்களே போய் எடுத்துவிடுங்கள். காலி அறை ஒவ்வொரு வகையிலும் ஒன்று இருக்கும்படி முதல்நாளே சொல்லிவைக்க வேண்டும். இதற்குப் பணம் கேட்காதீர்கள். ஆனால் பில்லில் ‘படப்பிடிப்பு ரூ. 2,500, தள்ளுபடி ரூ. 2,500’ என்று காட்டுங்கள். இலவசமாகச் செய்தது தாளில் தெரியாவிட்டால் அடுத்த முறை அது உரிமையாகிவிடும். யாராவது படம் அனுப்புவதாக இருந்தால் வாட்ஸ்அப்பில் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் நசுக்கித்தான் தரும்.

இனி மாமாவிடம் பேசுவது. நேரில் போங்கள். தாளைக் கையில் கொடுத்து, ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டுங்கள். வந்த அன்றைக்கே வாட்ஸ்அப்பில் இப்படி:

‘வணக்கம் மாமா. இன்னிக்குப் பேசினதைக் குறிச்சு வைக்கிறேன். இதோட அனுப்பியிருக்கிற தாள்ல உள்ளதுதான் முதல் கட்டம், 60,000. வியாழக்கிழமை காலை நானே வந்து ரூம் படம் எடுத்துக்கிறேன். அடுத்த வெள்ளிக்குள்ள நீங்க பார்த்துத் திருத்தம் சொன்னா திங்கட்கிழமை லைவ். லைவ் பண்ற அன்னிக்குக் காலைல 25,000, அதுலருந்து 15 நாள்ல மீதி 15,000. இந்தி-வங்காளத்துக்கும் புக்கிங்குக்கும் தனியா கணக்குப் போட்டு அடுத்த வாரம் தரேன். சரின்னா சரின்னு ஒரு வார்த்தை போடுங்க மாமா.’

இதில் மன்னிப்பும் இல்லை, குறையும் இல்லை. அவர் புதிதாகக் கேட்டதற்கு ‘முடியாது’ என்றும் எங்கேயும் வரவில்லை. 25,000 ஏன் லைவுக்கு முன்னால் என்றால், டொமைனைத் திருப்பிவிட்டு, சைட் அவர் ஹோஸ்டிங்குக்கு (அவர் வாடகைக்கு எடுத்த சர்வர்) போன பிறகு பணம் கேட்க உங்களிடம் பிடி எதுவும் இருக்காது. அதற்காக டொமைனைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது. அது அவருடைய சொத்து, முதல் நாளிலிருந்தே அவர் பெயரில், அவர் மெயிலில் இருக்க வேண்டும். நீங்கள் செய்த வேலை உங்கள் சர்வரில் இருக்கலாம், தவணை வந்ததும் மாறும். இரண்டும் வேறு.

மகன் விஷயம். முடிவு சொல்லும் ஆள் ஒருவர்தான் என்று அந்தத் தாளிலேயே பெயரோடு எழுதுங்கள். மகனாகவே இருக்கட்டும், பரவாயில்லை. திருத்தம் 2 சுற்று. ஒரு சுற்று என்றால், அந்த ஒருவர் எல்லோரிடமும் கேட்டுத் தொகுத்து ஒரே பட்டியலாக அனுப்புவது. திங்கள் ஒரு வாய்ஸ் நோட், புதன் ஒரு ஸ்கிரீன்ஷாட், ராத்திரி 11 மணிக்கு ‘அந்த நீலம் கொஞ்சம் குறைச்சு’ என்று வந்தால் அது சுற்று அல்ல, சுழல். வாய்ஸ் நோட்டுக்கு எப்போதும் எழுத்தில் பதில் போடுங்கள்: ‘நீங்கள் சொன்னது இந்த மூன்று, பட்டியலில் சேர்த்துவிட்டேன்’ என்று.

இரண்டாம் கட்டத்துக்கு விலை சொல்வதற்கு முன், முதல் கட்டத்தில் எத்தனை மணி நேரம் விற்றீர்கள் என்று தெரிய வேண்டும். மணிக்கு 400 ரூபாய் என்று வைத்தால் 60,000 என்பது 150 மணி. முகப்பு டிசைன் 16, மற்ற ஏழு பக்கம் தலா 4 என 28, கட்டுமானம் 40, எழுத்தும் படமும் ஏற்ற 12, படிவமும் மெயிலும் 6, சோதனை 12, லைவ் மாற்றம் 6, பேச்சுவார்த்தை 10. மொத்தம் 130. மீதி 20 மணி தவறுகளுக்கு. உங்கள் வேகத்துக்கு எண்கள் மாறும், ஆனால் போட்டுப் பாருங்கள். மகன் முகப்பை மூன்று முறை மாற்றியபோதே அந்த 20 போயிருக்கும்.

இந்தி, வங்காளம் கேட்பதில் நியாயம் இருக்கிறது. மருத்துவமனையைச் சுற்றிக் கடைப் பலகைகளே வங்காளத்தில் இருக்கும் ஊர் இது. ஆனால் வேலை ‘ஒரு பட்டன்’ அல்ல. பன்மொழிப் பிளகினை அமைக்க 8 மணி, 16 பக்கம் ஏற்ற தலா ஒன்றரை மணி என 24, மெனு, படிவம், ஃபாண்ட் சோதனைக்கு 8. ஆக 40 மணி, 16,000 ரூபாய், மொழிபெயர்ப்புக் கூலி நீங்கலாக. எழுத்து யூனிகோடில் (எல்லாக் கருவியிலும் சரியாகத் தெரியும் எழுத்துமுறை) வர வேண்டும் என்று நிபந்தனை போடுங்கள். டிடிபி கடையில் அடித்து வாங்கினால் தமிழ் பாமினி, இந்தி க்ருதி தேவ் போன்ற பழைய ஃபாண்டுகளில் வந்து சேரும். சைட்டில் போட்டால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும், மாற்றிச் சரிபார்க்க இன்னும் ஒரு நாள். தானியங்கி மொழிபெயர்ப்பை நம்பி வாடகை, ரத்து விதிமுறைகளைப் போடாதீர்கள். அந்த மொழி தெரிந்த ஒருவர் படித்துக் கையெழுத்துப் போட்ட பிறகே ஏற்றுங்கள். இனி வாடகை மாறினால் மூன்று மொழியிலும் மாற்ற வேண்டும். அதைச் செய்வது யார் என்பதையும் எழுதுங்கள்.

மாமாவுக்கு அனுப்பும் மாற்றக் குறிப்பு ஆறு வரிக்கு மேல் வேண்டாம். ‘மாற்றம் 1. கேட்டது: 8 பக்கமும் இந்தி, வங்காளத்தில். மொழிபெயர்ப்பு: லாட்ஜ் தரப்பு, யூனிகோடில், வேர்டு ஃபைலாக. தொகை: 16,000, பாதி முன்பணம். நாள்: எழுத்து முழுதும் கைக்கு வந்ததிலிருந்து 12 வேலை நாள். அடங்காதது: மொழிபெயர்ப்புக் கூலி, பிளகின் ஆண்டுச் சந்தா. இந்த விலை 30 நாள் செல்லும்.’ எண் போடுவது முக்கியம். ஐந்து மாதம் கழித்து ‘நீ சொல்லவே இல்லையே’ என்று வரும்போது, ‘மாற்றம் 1ல் இருக்கு மாமா’ என்று சொன்னால் போதும்.

புக்கிங்கில்தான் நீங்கள் உண்மையாகவே மாட்டிக்கொள்ளப் போகிறீர்கள், அதனால் கொஞ்சம் விரிவாக. சுற்றுலா ஊர் ஓட்டலில், வந்த நாள், போகும் நாள் இரண்டும் முன்கூட்டியே தெரியும். புக்கிங் மென்பொருள் எல்லாம் அந்த நினைப்பில் எழுதப்பட்டவை. மருத்துவமனைப் பக்கத்து லாட்ஜ் அப்படி இல்லை. கொல்கத்தாவிலிருந்து ரயிலேறி காட்பாடியில் இறங்கும் குடும்பம் மூன்று நாள் என்று வரும். ரிசல்ட் வரத் தாமதம், ஆபரேஷன் தேதி தள்ளிப்போனது என்று இரண்டு வாரம் இருக்கும். நோயாளியை வெளியே போகச் சொல்ல எந்த மேனேஜருக்கும் மனம் வராது. அதே அறையை அதே தேதிக்கு சைட்டில் வேறொருவர் பணம் கட்டிப் பிடித்திருப்பார். இதோடு லாட்ஜ் ஏதாவது பயண ஆப்பிலும் இருந்தால், அங்கே விற்ற அறை இங்கே குறைய வேண்டும். காலண்டர் இணைப்பு வழியாகச் செய்தால் தாமதமாகத்தான் புதுப்பிக்கும், அந்த இடைவெளியில் ஒரே அறை இருவருக்குப் போகும். உடனுக்குடன் வேண்டுமென்றால் எல்லாத் தளத்திலும் அறை எண்ணிக்கையை ஒரே நேரத்தில் மாற்றும் சேனல் மேனேஜர் மென்பொருளுக்கு மாதச் சந்தா. அப்போதும் வாசலில் நேரே வந்து கேட்பவருக்குக் கொடுத்த அறையை ரிசப்ஷனில் ஒருவர் அந்தந்த நிமிடமே கணினியில் போட வேண்டும். இரவு ஷிஃப்டில் யார் போடுவார்?

பணம் வாங்கும் பக்கமும் இருக்கிறது. ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் ரேஸர்பே போன்ற கேட்வே கணக்கு லாட்ஜ் பெயரில்தான் திறக்க வேண்டும், உங்கள் பெயரில் ஒருபோதும் வேண்டாம். பான், வங்கிக் கணக்கு, நிறுவன ஆவணம் கேட்பார்கள். சைட்டில் விதிமுறை, தனியுரிமை, பணம் திருப்புதல், தொடர்பு ஆகிய பக்கங்கள் இருந்தால்தான் ஒப்புதல் தருவார்கள். அந்த விதிமுறையை எழுத வேண்டியது மாமா. ‘வரும் நாளுக்கு எத்தனை மணி நேரம் முன் ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும்’ என்று அவர் வாயால் சொல்லும்வரை உங்கள் வேலை தொடங்காது. எல்லாம் சேர்ந்து 90 முதல் 110 மணி, கிட்டத்தட்ட இந்த சைட் விலையில் மூன்றில் இரண்டு பங்கு. கூடவே வெளிநாட்டவரின் பாஸ்போர்ட், விசா படத்தையும் சைட்டிலேயே வாங்கிவிடலாமே என்று அடுத்து கேட்பார். அதற்கு மட்டும் நேராகவே மறுத்துவிடுங்கள். அந்த விவரத்தை லாட்ஜ்காரர் அரசின் தளத்தில் பதிகிறார், அது போதும். 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அத்தகைய படங்களை 60,000 ரூபாய் சைட்டில் சேர்த்து வைப்பது உங்களுக்கும் அவருக்கும் தேவையில்லாத தலைவலி.

அவருக்கு வேண்டியது வேறு வழியில் கிடைக்கும். ஒவ்வொரு அறை வகைக்குக் கீழும் வாட்ஸ்அப் பட்டன். தொட்டால், ‘இரண்டு படுக்கை அறை வேண்டும், வரும் நாள்: ’ என்று எழுதிய செய்தியோடு லாட்ஜ் எண்ணுக்குத் திறக்கும். மேனேஜர் அறை இருக்கிறதா பார்த்து, கேட்வே கணக்கிலிருந்தே ஒரு நாள் வாடகைக்கு பேமென்ட் லிங்க் அனுப்புவார். புரோகிராமே வேண்டாம், உங்களுக்கு 3 மணி வேலை. 1,200 ரூபாய். இதை முதலில் போட்டு மூன்று மாதம் ஓடட்டும் என்று சொல்லுங்கள். அதன்பிறகும் முழு புக்கிங் வேண்டுமென்றால் லாட்ஜுக்கென்றே இருக்கும் சந்தா மென்பொருளை இணைப்பதுதான் புத்திசாலித்தனம். நீங்கள் எழுத வேண்டாம்.

வருகைப் பதிவு? வெப்சைட்டில் அதற்கு இடமே இல்லை. கைரேகை மெஷின் வாங்கச் சொல்லுங்கள்.

லைவ் அன்று ஒரே ஒரு எச்சரிக்கை. லாட்ஜுக்கு ஏற்கெனவே டொமைன் மெயில் இருந்தால், நேம்சர்வரை (டொமைனின் பதிவுகளை வைத்திருக்கும் சர்வர்) மாற்றும் முன் பழைய டிஎன்எஸ் பதிவுகளை, முக்கியமாக மெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவை, முழுதாகப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புதிய இடத்தில் அதைப் போட மறந்தால் சைட் அழகாக வரும், மெயில் நின்றுவிடும். சைட் எந்த சர்வரில் என்று சொல்லும் ஏ பதிவை மட்டும் மாற்றினாலே போதுமென்றால் நேம்சர்வரைத் தொடவே வேண்டாம். முதல்நாளே டிடிஎல் (பழைய பதிவை மற்ற சர்வர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரம்) மதிப்பை 300 வினாடியாகக் குறைத்து வைத்தால், ஏதாவது கோளாறானால் சீக்கிரம் பழையபடி திருப்பலாம். ஒப்படைக்கும்போது அட்மின் லாகின், ஒரு முழு பேக்கப், டொமைனும் ஹோஸ்டிங்கும் முடியும் தேதி, இரண்டு பக்கப் பயன்பாட்டுக் குறிப்பு, ஒரு மணி நேரப் பயிற்சி. டொமைன் கணக்கின் ஓடிபி மேனேஜர் போனுக்குப் போகிறதா, முதலாளி போனுக்கா என்று பாருங்கள். மேனேஜர் வேலையை விட்டுப் போனால் அடுத்த வருடம் புதுப்பிக்க முடியாமல் திண்டாடுவார்கள்.

பணம் பற்றி: சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இல்லையென்றால் இன்றே செய்யுங்கள், இலவசம். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, பதிவு பெற்ற குறு நிறுவனத்துக்கு பணம் தர ஒப்பந்தத்தில் கெடு சொல்லியிருந்தாலும் 45 நாளைத் தாண்டக்கூடாது, சொல்லாவிட்டால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. இதற்கென்று உள்ள அரசின் தளத்தில் மனு போடலாம். பதிவுக்கு முன் முடித்த வேலைக்கு இது உதவாது, ஆகவே மாமா விஷயத்தில் இது ஆயுதம் அல்ல. இருந்தாலும் அவருக்குக்கூட இனிமேல் தரும் பில்லில் உத்யம் எண்ணை அச்சிடுங்கள். கெடு தாண்டிய பாக்கியை, பணம் கொடுத்த ஆண்டில்தான் வருமான வரியில் செலவாகக் கழிக்க முடியும் என்பது 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து உள்ள விதி. இது அவருடைய ஆடிட்டருக்கு நன்றாகத் தெரியும். மார்ச்சில் அவரே நினைவூட்டுவார்.

அடுத்த கொட்டேஷன்களுக்குத் தவணை 30, 25, 30, 15 சதவீதம்: முன்பணம், டிசைன் ஒப்புதல், சோதனைத் தளத்தில் முழு சைட், லைவ். ஜிஎஸ்டி உட்படவா தனியா என்று எழுதுங்கள். வாடிக்கையாளர் தர வேண்டிய எழுத்து, படம் 10 வேலை நாளுக்கு மேல் தாமதமானால் கடிகாரம் நிற்கும், 30 நாள் தாண்டினால் அதுவரை முடிந்த வேலைக்குப் பில், மீண்டும் தொடங்கப் புதிய தேதி. எழுதியபடி ஓடாதது பிழை, 60 நாள் இலவசம். எழுதியபடி ஓடுகிறது, ஆனால் வேறு மாதிரி வேண்டும் என்றால் அது மாற்றம், விலை உண்டு.

ஆரணிக் கடைக்கு நேராக விலை சொல்லாதீர்கள். 5,000 ரூபாய்க்கு, ‘என்ன வேண்டும்’ என்ற அறிக்கையை மட்டும் முதலில் விற்றுப் பாருங்கள். வேலை கிடைத்தால் அதைக் கழித்துக்கொள்ளலாம், கிடைக்காவிட்டால் அறிக்கை அவர்களுடையது. பட்டுச் சேலையில் ஒவ்வொன்றும் தனி உருப்படி, ஸ்டாக் எண்ணிக்கை 1. ஒரு சேலைக்குப் படம், நிறம், விலை, எடை என்று ஏற்ற 15 நிமிடம் ஆனால் 300 சேலைக்கு 75 மணி. ‘கேட்டலாக் உட்பட’ என்று எழுதினால் உங்கள் லாபம் அதோடு போனது. முதல் 25 சேலை நீங்கள், மற்றவை கடை ஊழியர், 2 மணி நேரப் பயிற்சியோடு. திருப்பி அனுப்பும் விதி, கூரியர் செலவு யார் தலையில், படத்தில் தெரிந்த நிறம் நேரில் வேறாக இருந்தால் என்ன, எல்லாம் அந்த 5,000 ரூபாய் அறிக்கையில் வரட்டும். அதிலும் முதல் கேள்வி, காலையில் கவுன்டரில் விற்றுப்போன சேலையை சைட்டிலிருந்து எடுப்பது யார் என்பது. கடையில் ஒருவர் பெயரைச் சொல்லும்வரை அடுத்த கேள்விக்குப் போகாதீர்கள்.